மங்கையர்க்கரசியின் கட்டைவிரல்

ஏம்மா, அதக் கிள்ளாத. உன்னத்தான் சொல்றேன், ஜன்னலோரம் உக்காந்திருக்கிற பொண்ணு. ஆள்காட்டி விரல்ல இருக்குதுல்ல, அது மரு. நீ பஸ் ஏறினதுலேருந்து பாக்குறேன், நகத்தால நோண்டிக்கிட்டே வர்ற. அதுக்கு அதுதான் வேணும். நோண்ட நோண்டப் பக்கத்து விரலுக்குத் தாவிடும். எனக்கெப்படித் தெரியும்னு பாக்குறியா? இந்தா, என் கட்டைவிரலத் தொட்டுப் பாரு. பயப்படாத, இப்ப ஒண்ணும் இல்ல. இதுல ஏழு மாசம் ஒரு மரு குடியிருந்துச்சு. தனியா இல்ல, குடும்பத்தோட. அதனால ஒரு அரசாங்க ஆபீஸே ரெண்டு பட்டுப்போச்சு.

எந்த ஆபீஸுன்னு கேக்காத. நான் யாரப் பத்தியும் குறை சொல்ற ஆளு இல்ல.

என் பேரு மங்கையர்க்கரசி. ஆபீஸ்ல மங்கை மேடம்பாங்க. இருபத்தாறு வருஷ சர்வீஸு. பத்து மணி ஆபீஸுக்கு ஒம்பது நாப்பதுக்கு என் சீட்டுல இருப்பேன். மழையோ வெயிலோ, ஒம்பது நாப்பது. மத்தவங்க எப்ப வருவாங்கங்கிறது அவங்கவங்க மனசாட்சி. நவநீதன்னு ஒருத்தர், எனக்கு அடுத்த சீட்டு, பத்து இருபத்தஞ்சுக்கு வருவாரு. வந்ததும் டீக்குப் போயிடுவாரு. ஜெசிந்தான்னு ஒருத்தி, அவ வெளியூரு, பாசஞ்சர் ரயில்ல வருவா, பத்தேகால். சூப்பிரண்டு சாரு வர்ற நேரம் சாமிக்குத்தான் தெரியும். நான் எதையும் கண்டுக்கிறதில்ல. சும்மா மனசுல குறிச்சு வச்சுக்குவேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் தாங்க முடியாம மேலிடத்துக்கு ஒரு மனு போட்டேன். எங்க ஆபீஸுக்கு விரல் வைக்கிற மெஷின் ஒண்ணு குடுங்கன்னு. பேர் போடல. எதுக்கு வீண் மனஸ்தாபம்? ஆனா அந்த மனுவ மேலிடத்துல எங்க ஆபீஸுக்கே திருப்பி அனுப்ப, நான்தான் எழுதினேன்னு எல்லாருக்கும் எப்படியோ தெரிஞ்சுபோச்சு. எப்படின்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. நோட்டீஸ் போர்டுல எழுதறது நான்தான், வாஸ்தவம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தை மாசம் மெஷின் வந்துச்சு. வாசல்லயே மாட்டினாங்க. ஆளுக்கு ரெண்டு விரல் பதிஞ்சாங்க, வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். முதல் விரல் என்னோடது. வச்சதும் பச்சை லைட்டு எரிஞ்சு ஒரு பொம்பளக் குரலு "தேங்க்யூ"ன்னுச்சு. இருபத்தாறு வருஷத்துல அந்த ஆபீஸ்ல எனக்குக் கிடைச்ச முதல் தேங்க்யூ அதுதாம்மா.

சித்திரையில கட்டைவிரல் நடுவுல மிளகாட்டம் ஒண்ணு தடிச்சுது. முள்ளு குத்தியிருக்கும்னு ஊசியால குத்திப் பாத்தேன். முள்ளு வரல, ரத்தம் வந்துச்சு. மேலாக்க சொரசொரன்னு இருந்துச்சு, நடுவுல கறுப்பா புள்ளி புள்ளியா. சரி, அழுக்கு உக்காந்திருக்குன்னு வீட்டுக்காரரோட ரேசர எடுத்து மேலாக்கச் சீவிவிட்டேன். அது பாட்டுக்கு மறுபடி வந்துச்சு. மறுபடி சீவினேன். ஆள்காட்டி விரலால அதத் தடவிப் பாக்குறது எனக்கு ஒரு வழக்கமாப் போச்சு. ஒரு மாசத்துல ஆள்காட்டி விரல்லயும் ஒண்ணு. அதுக்குப் பக்கத்துல சின்னதா ரெண்டு. அப்புறம் பாரு, எங்க வீட்டுக்காரருக்குத் தாடையில ரெண்டு மரு. அவருக்கு எங்கேருந்து வந்துச்சோ! மனுஷன் சுத்தபத்தமா இருந்தாத்தானே?

இதுல என் கஷ்டம் என்னன்னா, மெஷினுக்கு என்னத் தெரியாமப் போச்சு.

ஒம்பது நாப்பதுக்குப் போயி கட்டைவிரல வைப்பேன். செவப்பு லைட்டு. "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்"பா அந்தப் பொம்பள. ஆள்காட்டி விரல வைப்பேன். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." முந்தானையில தொடச்சுட்டு வைப்பேன், ஊதிட்டு வைப்பேன், சாச்சு வைப்பேன். ஆபீஸே எனக்குப் பின்னாடி வந்து, எனக்கு முன்னாடி உள்ள போகும். பத்துக்கு ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப நவநீதன் டீ டம்ளரோட வந்து, "கொஞ்சம் வழி விடுங்க மேடம்"னு ஒரே அழுத்து. "தேங்க்யூ!"

வேற விரலப் பதிஞ்சுக்கலாமேன்னு நினைக்கிற. நானும் கேட்டேனே. அதுக்கு மாவட்ட ஆபீஸ்லேருந்து உத்தரவு வரணுமாம். எழுதிப் போட்டோம். நான் மூணு தடவ நினைவூட்டு எழுதினேன். அதுல ஒண்ணுக்குப் பதில் வந்துச்சு, "தங்கள் கடிதம் கிடைத்தது"ன்னு.

என் விரல் ஏதோ ஒரு தடவ ஏறறதுக்குள்ள தினமும் பத்தரை ஆயிடும். ஆனி மாசம் எனக்கு மெமோ வந்துச்சும்மா. எனக்கு! 'வழக்கமாகத் தாமதமாக வருவதற்கு விளக்கம் தரவும்.' வழக்கமாக! அந்தக் காகிதத்த மடிச்சுக் கைப்பையில வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனேன். அன்னிக்கு அடுப்பு பத்த வைக்கத் தோணல. வீட்டுக்காரரு பாத்தாரு. "ஒரு மருவுக்குப் போயி இப்படி உக்காந்திருக்கியே, நான் பாத்துக்கறேன்"ன்னாரு.

அவரு பாத்துக்கிட்டதச் சொல்றேன் கேளு. முதல்ல குதிரை வால் முடியால இறுக்கிக் கட்டினா அறுந்து விழும்னாரு. குதிரைக்கு எங்க போறது? நாலு நாள் அலைஞ்சுட்டு, முடி கிடைக்கலன்னு நைலான் நூல் வாங்கிட்டு வந்தாரு. கட்டினா நிக்கணுமே. தட்டையான மரு, வழுக்கிக்கிட்டே போச்சு. அப்புறம் எருக்கம்பால் வச்சாரு. விரல் எரிஞ்சுது, மரு அசையல. அப்புறம் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைச்சுப் பத்துப் போட்டாரு. அய்யோ, அத மட்டும் யாரு சொன்னாலும் செஞ்சுடாத! மருவச் சுத்தி இருந்த நல்ல தோலெல்லாம் வெந்து உரிஞ்சு வந்துடுச்சு. மரு மட்டும் கிண்ணுனு நிக்குது. கடைசில கோயிலுக்குப் போயி உப்பும் மிளகும் போட்டு, குளத்துல வெல்லம் கரைச்சோம். வெல்லம் கரையறாப்புல மரு கரையும்பாங்க. வெல்லம் நல்லாத்தான் கரைஞ்சுது.

இப்படி நான் சீரழிஞ்சுக்கிட்டிருக்கறப்ப, நவநீதன் செல்போன்ல எதையோ படிச்சுட்டு வந்து ஆபீஸ் நடுவுல நின்னு சொல்றாரு, "மருங்கிறது வைரஸாம். தொட்டாப் பரவுமாம். நாம எல்லாரும் ஒரே மெஷின்லதான் விரல் வைக்கிறோம்!"

மறுநாள் மெஷினுக்குப் பக்கத்துல கைக்குத் தடவுற மருந்து பாட்டில். அதுக்கு மறுநாள் ஒருத்தர் கைக்குட்டைய மேல போட்டு அழுத்துறாரு. அந்த வாரக் கடைசில பதினோரு பேரு கையெழுத்துப் போட்டு மனு குடுத்துட்டாங்க, உயிருக்குப் பாதுகாப்பு இல்லன்னு. சூப்பிரண்டு சாரு மனுவப் படிச்சாரு. அவரு முகத்துல அப்படி ஒரு நிம்மதிய நான் பாத்ததே இல்ல. உடனே மெஷின் மேல பாலித்தீன் கவர மாட்டி, பழைய ரெஜிஸ்டர எடுத்து மேசை மேல போட்டுட்டாரு.

அதுக்கப்புறம் ஆபீஸே மாறிப்போச்சும்மா. எல்லாரும் என்கிட்ட அவ்வளவு பாசமா இருந்தாங்க! ஒருத்தர் அதிரசம் கொண்டாந்து வைப்பாரு. ஒருத்தர் பாகக்கா வறுவல், எனக்குப் பிடிக்கும்னு. காலையில வந்ததும் வராததுமா, "மேடம், விரல் எப்படியிருக்கு? குறையலையே?"ன்னு கவலையோட கேப்பாங்க. "குறையல"ன்னு சொன்னாத்தான் மூச்சே விடுவாங்க. நவநீதன் ஒரு நாள் சேர இழுத்துப் போட்டுக்கிட்டு என் பக்கத்துல உக்காந்தாரு. "மேடம், டாக்டர் கீக்டர்னு போயிடாதீங்க. தானாவே போயிடுமாம். ரெண்டு வருஷம் வரைக்கும் ஆகுமாம். ஒண்ணும் அவசரமில்ல மேடம், இயற்கைக்கு விட்டுடுங்க"ன்னாரு. சொந்தத் தம்பி கூட இப்படிச் சொல்லமாட்டான். நான் கண்ணு கலங்கிட்டேன்.

ஆடி கடைசி வெள்ளி. சாப்பாட்டு ரூமுக்கு வெளிய கை கழுவிக்கிட்டு இருந்தேன். உள்ள நவநீதன் குரல். "மங்கை மேடத்தோட மருவுக்கு ஆயுசு கெட்டியா இருக்கணும்னு எல்லாரும் வேண்டிக்குங்கப்பா. அது இருக்கற வரைக்கும்தான் நமக்கு நிம்மதி!" ஒரே சிரிப்பு. பாகக்கா வறுவல் கொண்டாந்தவரு சிரிப்புத்தான் பெருசா கேட்டுச்சு.

குழாய மூடக் கூட மறந்துட்டு நிக்கிறேன். அப்ப ஒரு குரல். "சிரிக்காதீங்க. அவங்க விரல யாராவது பாத்தீங்களா? வெடிச்சு ரத்தம் கசியுது. ஃபைல் திருப்பறப்ப முகத்தச் சுளிக்கிறாங்க."

ஜெசிந்தா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா, உனக்குச் சொல்றதுக்கென்ன, நான் போட்ட மனுவுல 'குறிப்பாக'ன்னு ஒரு வார்த்தை போட்டு அவ பேரத்தான் எழுதியிருந்தேன். நவநீதன் பேர எழுதல. அவரு பக்கத்து சீட்டு, முகத்துல முழிக்கணுமே.

அன்னிக்குச் சாப்பிடல. டப்பாவ மூடிக்கிட்டு சீட்டுக்கு வந்துட்டேன். சாயங்காலம் அவளா வந்தா. "அக்கா, புதன்கிழமை பெரியாஸ்பத்திரியில தோல் டாக்டரு உண்டு. எம் பையனுக்குக் கால்ல வந்தப்ப அங்கதான் காட்டினேன். வாங்க, நானும் வர்றேன்."

"எனக்குச் சரியாப்போனா மெஷின் வந்துடும் ஜெசிந்தா"ன்னேன்.

"வரட்டும்"னா. "தினம் விரல முந்தானையில மறைச்சுக்கிட்டு நடக்கறீங்க. எனக்குப் பாக்கச் சகிக்கல."

புதன்கிழமை ஆஸ்பத்திரியில மூணு மணி நேரம் வரிசை. ரெண்டு பேரும் பெஞ்சுல உக்காந்திருந்தோம். அப்பத்தான் கேட்டேன், மெஷின் இருந்த மாசமெல்லாம் நீ எப்படி நேரத்துக்கு வந்தேன்னு. ரயில விட்டுட்டு விடிகாலை பஸ்ஸப் பிடிச்சு வந்தாளாம். ரெண்டு மணி நேரம், பாதி நாள் நின்னுக்கிட்டே. பையனுக்குச் சோறு கட்ட நேரமில்லாம பன்னு வாங்கிக் குடுத்து அனுப்புவாளாம். யாரு மேலயும் கோவமில்லாம, சாதாரணமாச் சொன்னா. மனுவப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும். நானும் எதாவது சொல்லியிருப்பேன்.

டாக்டரு சின்னப் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். விரலப் பாத்துட்டு முதல் கேள்வி, "கிள்ளுவீங்களா?"

"எப்பவாச்சும்"னேன். ஜெசிந்தா விட்டத்தப் பாத்தா.

அந்தப் பொண்ணு நிதானமாச் சொல்லிச்சு. இது தோல்ல வர்ற ஒரு வைரஸாம். கண்ணுக்குத் தெரியாத வெட்டு, சிராய்ப்பு வழியா உள்ள போயிடுமாம். போயி, மாசக்கணக்குல சும்மா இருந்துட்டு அப்புறம்தான் தலைய நீட்டுமாம். நான் அழுக்குன்னு சீவினேனே கறுப்புப் புள்ளி, அது சின்னச் சின்ன ரத்தக் குழாய் உறைஞ்சு நிக்கிறதாம். "மெஷின்லேருந்து அடுத்தவங்களுக்குப் பரவுமா டாக்டர்"னு கேட்டேன். "ரொம்ப அபூர்வம். நீங்க கிள்ளிக் கிள்ளி உங்களுக்கே பரப்பிக்கிட்டதுதான் அதிகம். வீட்டுல துண்டு, ரேசர் ஏதாவது பொதுவா பயன்படுத்தினீங்களா?"ன்னு கேட்டுச்சு.

"சேச்சே, இல்லவே இல்ல"ன்னுட்டேன். ரேசர எடுத்தது நாலஞ்சு தடவ. அதுவும் மருவச் சீவ மட்டும்தான். அதப் போயி பயன்படுத்துறதுன்னு சொல்ல முடியுமா?

ஒரு சொட்டு மருந்து எழுதிக் குடுத்துச்சு. தினமும் ஒரு வேள. விரல வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் ஊற வைக்கணும். ஊறினதும் அரத்தால மேல் தோல மெதுவாத் தேய்க்கணும். அந்த அரம் அதுக்கு மட்டும்தான், வேற யாரும் தொடக்கூடாது. சுத்தி இருக்கிற நல்ல தோலுக்கு வாசலின் தடவிட்டு, மரு மேல மட்டும் ஒரு சொட்டு. காய்ஞ்சதும் பிளாஸ்திரி. "பன்னெண்டு வாரம் விடாம செய்யணும். ரெண்டு வாரத்துல போகலன்னு விட்டுடறவங்கதான் ஜாஸ்தி. முகத்துல இத வைக்கவே கூடாது"ன்னுச்சு. நல்லவேளை கேட்டேன். வீட்டுக்காரருக்குத் தாடையில வச்சுவிடலாம்னு மருந்துச் சீட்ட வாங்கும்போதே முடிவு பண்ணியிருந்தேன். அப்புறம் அவரையும் கூட்டிக்கிட்டுப் போனேன். அவருக்கு வேற களிம்பு. உனக்கும் அதுதான், நீயா எதையும் வாங்கி வைக்காத, ஒரு தடவ காட்டிடு.

ஆபீஸ்ல வைத்தியம் ஆரம்பிச்சுட்டேன்னு சொன்னேன். சாவு வீடு மாதிரி ஆயிடுச்சு. "மெஷின்ல பரவுறது அபூர்வமாம்"னும் சொன்னேன். நவநீதன், "அபூர்வம்னா வரவே வராதுன்னு அர்த்தமில்லையே மேடம்"னாரு. அவரு காலண்டர்ல பன்னெண்டு வாரத்த எண்ணி ஒரு தேதியச் சுழிச்சு வச்சுக்கிட்டாரு. அதிரசம் நின்னுபோச்சு.

நானா விடுவேன்? எடுத்த காரியத்த ஒழுங்காச் செய்யிற ஆளு நான். காலையில குளிச்சுட்டு, ஒரு கிண்ணத்துல சுடுதண்ணி வச்சு விரல உள்ள விட்டுக்கிட்டு உக்காந்துடுவேன். ஒம்பதாவது வாரம் ஆள்காட்டி விரல்ல இருந்த மூணும் உதிர்ந்துபோச்சு. கட்டைவிரல்ல இருந்த தாய் மரு மட்டும் அசையல. டாக்டரு பொண்ணு கடுங்குளிர்ல உறைய வைக்கிற மருந்தப் பஞ்சுல தொட்டு வச்சுச்சு. சுருக்குனு குத்திச்சு, மறுநாள் கொப்பளம் போட்டுச்சு. மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவ. கார்த்திகை பொறக்கறப்ப தோல் உரிஞ்சு, உள்ளேருந்து புது விரல் வந்துச்சு. கோடு கோடா, சுழி சுழியா. என் ரேகை!

ஒரு நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பாட்டுல இருக்கறப்ப, நான் மட்டும் வாசலுக்குப் போயி பாலித்தீன் கவர லேசாத் தூக்கி விரல வச்சேன்.

"தேங்க்யூ."

யாரும் பாக்கல. கண்ணத் தொடச்சுக்கிட்டுக் கவர மூடிட்டேன்.

மறுநாள் சூப்பிரண்டு சாரு எல்லாரையும் கூப்பிட்டாரு. மாவட்ட ஆபீஸ்லேருந்து மெஷின் ஏன் ஓடலன்னு கேட்டு போன் வந்திருக்கு. "என்னம்மா, விரல் சரியாப்போச்சா? மெஷினத் திறந்துடலாமா?"

பதினோரு பேரும் என்னயே பாக்குறாங்க. நவநீதன் கும்பிடாத குறை. ஜெசிந்தா மட்டும் கீழ குனிஞ்சு ஏதோ எழுதிக்கிட்டிருக்கா. எனக்கு அந்த விடிகாலை பஸ்ஸும், பன்னு வாங்கித் திங்கிற பையனும் கண்ணுல வந்துச்சு. இருபத்தாறு வருஷத்துல ஆபீஸ்ல நான் ஒரு பொய் சொன்னதில்லம்மா. கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டேன். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு சார்"னுட்டேன்.

நவநீதன் கைதட்டிட்டாரு. அப்புறம் கொசு அடிச்சேன்னு சொல்லிச் சமாளிச்சாரு.

சாயங்காலம் ஜெசிந்தா என் சீட்டுக்கு வந்தா. "விரலக் காட்டுங்கக்கா"ன்னா. காட்டினேன். திருப்பித் திருப்பிப் பாத்தா.

"நல்லாத்தானே இருக்கு? எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"உனக்காகத்தான். மறுபடி விடிகாலை பஸ்ஸுல நீ நிக்கணுமா?"

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியல. புரிஞ்சதும் வாயப் பொத்திக்கிட்டா. "அக்கா, பாசஞ்சர் நேரத்த மாத்தி மூணு மாசம் ஆச்சே. ஒம்பது முப்பத்தஞ்சுக்கெல்லாம் வந்துடறேன். நான்தானே ரெஜிஸ்டர எடுத்து வைக்கிறேன்? நீங்க கவனிக்கலையா?"

"நான் எப்படிக் கவனிக்காம..."ன்னு ஆரம்பிச்சேன்.

"நீங்கதான் மூணு மாசமா லேட்டா வர்றீங்க"ன்னா, ரொம்ப மெதுவா.

நம்பல. ரெஜிஸ்டரத் திறந்து பாத்தேன். முதல் கையெழுத்து ஜெசிந்தா, 9.35. தினமும் 9.35. கடைசிக் கையெழுத்துக்கு முந்தினது நான். 10.15. 10.20. ஒரு நாள் 10.25, நவநீதனுக்குக் கீழ! எல்லாம் என் கையெழுத்து, என் கையால போட்ட நேரம். எப்படி ஆச்சுன்னு நின்னு யோசிச்சேன். பத்து நிமிஷம் ஊற வைக்கச் சொன்னாங்கல்ல? இடது கையில காபி டம்ளர், வலது கை கிண்ணத்துல, ரேடியோவுல பாட்டு. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல காலையில நான் உக்காந்ததே இல்லம்மா. வீட்டுக்காரரு ஏதாவது கேட்டாக் கூட, "கை ஊறுது"ன்னா அவரே போயி எடுத்துக்குவாரு. பத்து நிமிஷம் இருபதாச்சு, இருபது முப்பதாச்சு. தண்ணி ஆறினா மறுபடி கொஞ்சம் சுடவச்சு ஊத்திக்குவேன். மணியப் பாக்கவே தோணல.

மறுநாள் சூப்பிரண்டு சாருகிட்டப் போயி உண்மையச் சொல்லிட்டேன். விரல் சரியாப்போச்சு சார், மெஷினத் திறந்துடுங்கன்னு. அவருக்கே முகம் செத்துப்போச்சு. ஆஸ்பத்திரி சீட்டக் காட்டினதுல பழைய மெமோவ ரத்து பண்ணிட்டாங்க. அந்த ஒண்ணு என் மேல தப்பே இல்லாம வந்தது, நீயே சொல்லு. நவநீதன் இன்னிக்கு வரைக்கும் என்கிட்டப் பேசறதில்ல. பேசாட்டிப் போறாரு. மனுவுல பேர் எழுதினதையும் ஜெசிந்தாகிட்டச் சொல்லிட்டேன். "தெரியும்க்கா, உங்க 'ற' கொக்கி போட்ட மாதிரி இருக்கும்"னா. அவ்வளவுதான் சொன்னா. அதுக்கப்புறம் மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சாப்பிடறோம்.

மெஷின் திறந்து ஒரு மாசம் ஓடிச்சு. போன வாரம் எனக்கு ரெண்டாவது மெமோ. இந்த மாசத்துல ஏழு நாள் லேட்டு, விளக்கம் தரவும்னு. வாங்கி, அங்கேயே நின்னு, கீழ ஒரே வரி எழுதிக் குடுத்துட்டேன். 'லேட்டாகத்தான் வந்தேன்.'

சூப்பிரண்டு சாரு கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாரு. "காரணம் எழுதலையேம்மா? இப்பத்தான் மருகூட இல்லையே?"

"காரணம் ஒண்ணும் இல்ல சார்"னேன். "சுடுதண்ணி இதமா இருந்துச்சு."